மிளகாய்த்தூள் என்றால் எந்தத் தூள்? கறிச் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு அடுப்படியில் “மிளகாய்த்தூளை எடுத்துத் தா பிள்ளை” என்று கேட்டால், பெரும்பாலும் கைக்கு வருவது பளிச்சென்ற சிவப்புத் தூள் அல்ல. கபில நிறத்தில், போத்தலைத் திறந்தவுடனேயே மூக்கில் ஏறும் வறுத்த தூள். செத்தல் மிளகாயோடு மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் சேர்ந்து மில்லுக்குப் போய் வந்தது. வெறும் செத்தலை மட்டும் அரைத்தால் அதற்குத் ‘தனி மிளகாய்த்தூள்’ என்று பெயர். தமிழ்நாட்டில் மிளகாய்த்தூள் என்றாலே அந்தத் தனித்தூள்தான்.

இதைப் பாராமல் தமிழ்நாட்டுச் சமையல் வீடியோவைப் பார்த்துக் குழம்பு வைப்பதுதான் இப்போது அதிகம் நடக்கும் பிழை. ஒரு கரண்டி மிளகாய்த்தூள், இரண்டு கரண்டி மல்லித்தூள், கொஞ்சம் சீரகத்தூள் என்பார்கள். நமது தூளைப் போட்டுவிட்டு அதற்கு மேல் மல்லித்தூளையும் கொட்டினால் மல்லி இரண்டு தரம் விழுகிறது. குழம்பு தடித்துப்போகும், உறைப்பும் எடுபடாது. நமது தூள் போட்டால் மற்றத் தூள்களை விட்டுவிடுங்கள். மாறாக, இங்கேயிருந்து அம்மா போனில் சொன்ன மூன்று கரண்டியை லண்டனில் இருக்கும் மகன் தனித்தூளில் போட்டால், சரி, அன்றைக்குப் பாணும் பட்டரும்தான்.

அடுத்தது, மிளகாய் நமது ஆதிப் பயிர் என்ற நினைப்பு. வன்னியில் அப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை. 1970களில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது செத்தலும் வெங்காயமும் விற்றே வீடு கட்டியவர்கள் உண்டு. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட, அந்த விலை போனது. ஆனால் செடியின் ஊர் அமெரிக்கக் கண்டம். கொலம்பஸ் 1492இல் அங்கே போன பிறகுதான், போர்த்துக்கேயர் வழியாக, அது நமது பக்கம் வந்தது. மிளகைப் போல உறைக்கும் காய் என்பதால் மிளகாய். சங்க காலத்து விருந்தை எழுதும்போது இலையில் பச்சை மிளகாய் வைக்காதீர்கள்.

அப்போது உறைப்புக்கு இருந்தது மிளகு. அதற்குப் பழைய பெயர்களில் ஒன்று கறி. துறைமுக நகரான காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களில் குவிந்த பொருள்களைச் சொல்லும் பட்டினப்பாலை, ‘கருங்கறி மூடை’ என்று மிளகு மூட்டைகளைச் சொல்கிறது. அதே பட்டியலில் ‘ஈழத்து உணவு’ம் உண்டு. அங்கே கருங்கறியை ஆட்டிறைச்சி என்று பொருள் கொண்டால் கப்பலே கவிழ்ந்துவிடும். ஆங்கிலேயர் தந்த சொல் கறி என்பாரும் இருக்கிறார்கள். போன திசையே மறுதிசை, தமிழிலிருந்துதான் அவர்களிடம் போனது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் கறி என்றால் பெரும்பாலும் இறைச்சி. இங்கே கத்தரிக்காயும் கறி, இரணைமடுக் குளத்து மீனும் கறி. ஆகவே வெளியூர்ச் சைவ விருந்தாளியிடம் ‘கறி விடட்டோ’ என்று மொட்டையாகக் கேட்காமல் என்ன கறி என்றும் சொல்லிவிடுவது நல்லது.

மிளகாய்க்கு முந்திய அந்தச் சுவையை இன்றும் பார்க்க வேண்டுமென்றால் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போங்கள். தாய்க்குக் கொடுப்பது சரக்குக் கறி. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி அரைத்தது, செத்தல் கிடையாது. சரக்கு என்றவுடன் தமிழ்நாட்டுப் பெடியன்கள் சாராயத்தை நினைத்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இதில் விடக்கூடாத பிழை, உறைப்புக் காணாது என்று வீட்டுத் தூளை ஒரு கரண்டி சேர்ப்பது. அதில் செத்தல் இருக்கிறது, பிறகு பத்தியம் எங்கே?

எழுத்தில் ஒன்று: கருவேப்பிலை அல்ல, கறிவேப்பிலை.

சீரகத்துக்கு ‘சீர் + அகம்’, அதாவது உள்ளுடம்பைச் சீராக்குவது என்று விளக்கம் சொல்வார்கள். கேட்க அழகுதான், ஆனால் சொல் வடமொழி ஜீரகத்திலிருந்து வந்தது. கடையில் வாங்கும்போதும் கவனம் வேண்டும். வீடியோவில் வரும் சோம்பு நமது பெருஞ்சீரகம். அங்கே சீரகம் என்பது நமது சின்னச்சீரகம். ஐயம் வந்தால் நாலு மணியை உள்ளங்கையில் நசுக்கி மோந்து பாருங்கள்: இனிப்பாக மணந்தால் பெருஞ்சீரகம்.