இறங்கும்போதுதான் பால்

திருகோணமலை உவர்மலையிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஐந்தாறு மணித்தியாலம் வாகனத்தில் வந்தபோது சத்தமே போடாத பிள்ளை, சென்னையில் விமானம் இறங்கத் தொடங்கியதும் வீறிட்டு அழுதாள். 8 மாதம். முகம் சிவந்து, காதைப் பிடித்து இழுக்கிறாள். போத்தலை நீட்டினால் தட்டிவிடுகிறாள். ஏறும்போதே வயிறு நிறையக் கொடுத்துவிட்டேன், பிறகு எங்கே குடிப்பாள்?

திரும்பி வரும்போது மாற்றினேன். ஏறும்போது அரைவாசிதான். காது உண்மையில் அடைப்பது இறங்கும்போது; விழுங்கினால் மூக்குக்கும் காதுக்கும் இடையிலுள்ள குழாய் திறந்து அழுத்தம் சமனாகும். சென்னை - கொழும்பு ஒன்றரை மணித்தியாலம்தான், இறங்கத் தொடங்குவது தரைதொட அரை மணித்தியாலம் இருக்கும்போது. நித்திரையில் விழுங்குவது குறைவு என்பதால் மனமில்லாமல் எழுப்பி, மிச்சப் பாலைக் கொடுத்தேன். சப்பிச் சப்பிக் குடித்தாள். ஒரு சிணுங்கல், அவ்வளவுதான்.

செலவு? 2 வயதுக்குள் மடியில் வைத்தால் டிக்கெட் மிகக் குறைவு. தனி இருக்கையில் குழந்தை இருக்கை பூட்டுவதுதான் பாதுகாப்பு, ஆனால் எங்களுக்குக் கட்டாது. அதனால் பக்கத்து இருக்கை காலியா என்று கவுண்டரில் கேட்டேன்; கிடைத்தது. மடிப்பிள்ளைக்குத் தனி பெல்ட் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். நம் பெல்ட்டுக்குள்ளேயே சேர்த்துக் கட்டினால், குலுங்கும்போது நம் பாரம் முழுக்கப் பிள்ளைமேல்தான். அம்மம்மா தந்துவிட்ட பிளாஸ்க் சுடுதண்ணியைப் பால்மாவுக்கென்று சொன்னதும் சோதனையில் விட்டுவிட்டார்கள்.