பழைய ஹோண்டா சிட்டி வாங்கப் போறீங்களா?

குடும்பத்துக்கு செகண்ட் ஹேண்ட் செடான் தேடுகிறவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்பது 2014-க்குப் பிந்தைய சிட்டியில்தான். அதன் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், நேரத்துக்கு ஆயில் மாற்றினால் லேசில் மக்கர் பண்ணாது. குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆனால் மாடல் நல்லது என்பதால் நீங்கள் பார்க்கும் வண்டியும் நல்லது என்று ஆகிவிடாது.

காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கே போய்விடுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் ஸ்டார்ட்டிங் கோளாறு வெளியே தெரியும். பானட் சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம்.

சென்னை வண்டி என்றால் 2015, 2023 வெள்ளங்களை மறக்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சீட் கவரைப் புதிதாக மாட்டிவிடுவார்கள். சுருளுக்குள் இருக்கும் பெல்ட்டில் சேற்றுக் கறை படிந்திருந்தால் அதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. ஸ்டெப்னி வைக்கும் குழியையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

2017-18 தயாரிப்பா? ஃப்யூவல் பம்ப் கோளாறுக்காக 2024-ல் ரீகால் அறிவித்தார்கள். பம்ப் பழுதானால் ஓடும்போதே இன்ஜின் நின்றுவிடலாம். சேஸிஸ் எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டால் அந்த வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மாற்றித் தருவது இலவசம். ஆட்டோமேட்டிக் என்றால் சிவிடி (அதன் கியர்பாக்ஸ்) ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள்.

ஆர்சியில் பேங்க் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கு பேங்க் தரும் என்ஓசியும், ஆர்சியிலிருந்து பேங்க் பெயரை நீக்குவதற்கான ஃபார்ம் 35-ம் கண்ணில் பட்ட பிறகே அட்வான்ஸ்.