எக்செலில் தமிழ் சிஎஸ்வி: சிதைந்த எழுத்தையும் இடம் மாறிய தேதியையும் சரிசெய்வது எப்படி?

கூகுள் ஷீட்ஸில் ஓர் உறுப்பினர் பட்டியல். பெயர், ஊர், பிறந்த தேதி, கைபேசி எண். அதை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாக) இறக்கி, விண்டோஸ் கணினியில் டபுள் கிளிக் செய்து எக்செலில் திறந்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கோடு போட்ட ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’ என்று ஏதேதோ வரிசையாக நிற்கும். பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஃபைலில் கோளாறு இருக்காது. திறந்த விதத்தில்தான் கோளாறு.

எழுத்துகளைக் கணினியில் பைட்டுகளாகச் சேமிக்கும் குறிமுறைகளில் ஒன்று யுடிஎஃப்-8. அதில் ‘அ’ என்ற ஓர் எழுத்துக்கு 3 பைட் ஆகும். ஃபைலின் தொடக்கத்தில் ‘இது யுடிஎஃப்-8’ என்று சொல்லும் பிஓஎம் அடையாளம் இருந்தால் எக்செல் புரிந்துகொள்ளும். ஷீட்ஸ் தரும் சிஎஸ்வியில் அது இருப்பதில்லை. அதனால் எக்செல் பழைய விண்டோஸ் குறிமுறை என்று எடுத்துக்கொண்டு, மூன்று பைட்டையும் மூன்று தனி எழுத்தாகக் காட்டுகிறது. இந்த நிலையில் சேவ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அப்படியே மூடிவிட்டு, ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் நோட்பேடில் பாருங்கள்

தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் நிம்மதி, அடுத்த படிக்குப் போகலாம். வெறும் கேள்விக்குறிகளாக இருந்தால் எழுத்து ஏற்கெனவே அழிந்துவிட்டது. மூலத்திலிருந்து மறுபடி இறக்குவதுதான் வழி. பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக இருந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கலாம். அதற்கு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றி தேவை.

2. எக்செலுக்குள் இறக்குமதி செய்யுங்கள்

வெற்று ஷீட்டில் ‘டேட்டா’ டேபுக்குப் போய் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ கொடுங்கள். முன்னோட்டத்தில் ‘ஃபைல் ஆரிஜின்’ என்ற இடத்தில் ‘65001: யூனிகோட் (யுடிஎஃப்-8)’ தேர்ந்தெடுங்கள். தமிழ் உடனே சரியாகிவிடும். ஆனால் ‘லோட்’ அழுத்த வேண்டாம், ‘டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா’ அழுத்துங்கள். ஏனென்றால் இனிதான் பெரிய ஆபத்து.

3. தேதி

எழுத்து சிதைந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். தேதி சத்தமே இல்லாமல் மாறும். 03/04/1998 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் மார்ச் 4. ஷீட்ஸில் லொக்கேல் (எந்த நாட்டு முறை என்ற அமைப்பு) அமெரிக்கா என்று இருந்தால் மாதம் முன்னால் வரும். உங்கள் கணினி இந்திய முறையில் இருந்தால் அந்த மார்ச் 4-ஐ ஏப்ரல் 3 என்றே படிக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. 04/25/1998 மட்டும் 25-ஆம் மாதம் இல்லாததால் மாட்டிக்கொள்ளும். ஆக, சில வரிகள் பிழை காட்டும். சரியாக இருப்பது போலத் தெரியும் வரிகள்தான் தப்பாக இருக்கும். பிழை காட்டும் வரிகளை மட்டும் கையால் திருத்திவிட்டு நகர்ந்துவிடக் கூடாது என்பது இதனால்தான்.

வலப்பக்கம் ‘அப்ளைடு ஸ்டெப்ஸ்’ பட்டியலில் ‘சேஞ்ச்டு டைப்’ என்று ஒன்று தானாகச் சேர்ந்திருக்கும். அதை நீக்குங்கள். இப்போது எல்லாப் பத்தியும் (மேலிருந்து கீழாக வரும் வரிசை) ஃபைலில் இருந்தபடியே டெக்ஸ்டாக நிற்கும். தேதிப் பத்தியில் 12-ஐத் தாண்டும் எண் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள், அதுதான் நாள். இரண்டாவது இடத்தில் வந்தால் அமெரிக்க முறை. ஒரு வரியில்கூட 12-ஐத் தாண்டவில்லையா? ஊகிக்காதீர்கள், தரவைத் தந்தவரையே கேளுங்கள்.

அப்புறம் பத்தித் தலைப்பில் ரைட் கிளிக் செய்து, ‘சேஞ்ச் டைப்’, அதில் ‘யூசிங் லொக்கேல்’. வகை ‘டேட்’. லொக்கேலாக, ஃபைல் எந்த நாட்டு முறையில் எழுதப்பட்டதோ அந்த நாட்டைக் கொடுக்க வேண்டும், நீங்கள் இருக்கும் நாட்டை அல்ல. ஜெர்மனியிலிருந்து 1.234,50 என்று வரும் தொகைக்கும் இதே வழிதான். வகை மட்டும் ‘டெசிமல் நம்பர்’.

4. கைபேசி, ஆதார், கணக்கு எண்

இவற்றை டெக்ஸ்டாகவே விடுங்கள். எண்ணாக மாற்றினால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். 16 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், எக்செல் 15 இலக்கம்வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். பிறகு ‘குளோஸ் அண்டு லோட்’.

5. சேமிப்பு

வேலை முடிந்ததும் எக்செல் வடிவிலேயே சேமியுங்கள். வேறு யாருக்காவது சிஎஸ்விதான் வேண்டும் என்றால், ‘சேவ் ஆஸ்’ பட்டியலில் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ தேர்ந்தெடுங்கள். அது பிஓஎம் அடையாளத்தையும் சேர்த்தே எழுதும், அவர்கள் டபுள் கிளிக் செய்தாலும் தமிழ் தெரியும். அதே பட்டியலில் உள்ள வெறும் ‘சிஎஸ்வி’யைக் கொடுத்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும், அந்த ஃபைலிலிருந்து அதை மீட்க முடியாது.