லிங்க்கில் ஒட்டிக்கொண்டு வரும் செஷன் ஐடி: டாம்கேட்டில் செய்து பார்ப்போம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள ஒரு கொலுசுக் கடைக்கு ஜாவாவில் இணையதளம் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் இருக்கும் ஒருவர் ஒரு ஜோடி கொலுசைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போகிறார். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபிக்கு நினைவு கிடையாது. முன்பு வந்தவரும் இவரும் ஒருவர்தான் என்று சர்வருக்குத் தெரிய ஓர் அடையாளம் வேண்டும். அதுதான் செஷன் ஐடி. வழக்கமாக அது குக்கியில், அதாவது சர்வர் தந்து பிரவுசர் வைத்துக்கொள்ளும் ஒரு சிறு குறிப்பில், போய்வரும். குக்கி இல்லாதபோது சர்வர் அதை லிங்க்கிலேயே எழுதிவிடும்.

முதலில் டாம்கேட்டை, அதாவது ஜாவா இணையதளங்களை ஓட்டும் சர்வர் மென்பொருளை, உங்கள் கணினியில் ஓட விடுங்கள். அதன் வெப்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு புது ஃபோல்டர், அதில் இரண்டு ஜேஎஸ்பி பக்கங்கள் (ஜாவா கலந்து எழுதும் இணையப் பக்கங்கள்) போதும்: கொலுசுப் பட்டியல், கூடை. பட்டியலில் இருந்து கூடைக்குப் போகும் லிங்க்கை நேராக எழுதாமல், ரெஸ்பான்ஸ் ஆப்ஜெக்ட்டின் என்கோட்யூஆர்எல் மெத்தட் வழியாக எழுதுங்கள். (யூஆர்எல் என்ற மூன்று எழுத்தும் கேப்பிடல்.)

அடுத்து, இன்காக்னிட்டோ விண்டோவில் 8080 போர்ட்டில் பட்டியலைத் திறந்து, பக்கத்தின் சோர்ஸைப் பாருங்கள். லிங்க்கின் கடைசியில் ஓர் அரைப்புள்ளி, ஜேசெஷன்ஐடி என்ற பெயர், சமக்குறி, அப்புறம் 32 எழுத்துகள் நிற்கும். அவை 16 பைட் ரேண்டம் எண்ணின் ஹெக்ஸ் வடிவம் (0 முதல் 9, A முதல் F வரை கொண்டு எழுதுவது). கூடையில் என்ன இருக்கிறது என்பது அதற்குள் இல்லை. அதெல்லாம் சர்வரின் மெமரியில் இருக்கிறது. லிங்க்கில் கேள்விக்குறி இருந்தால் இந்த ஐடி அதற்கு முன்னால்தான் வரும்.

இப்போது பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். ஐடி காணாமல் போயிருக்கும். முதல் முறை வந்தபோது உங்கள் பிரவுசர் குக்கியை ஏற்குமா என்று டாம்கேட்டுக்குத் தெரியாது. அதனால் குக்கியையும் அனுப்பி, லிங்க்கிலும் எழுதியது. இரண்டாம் முறை குக்கி திரும்பி வந்ததும், லிங்க்கில் எழுதத் தேவையில்லை என்று விட்டுவிட்டது. பிரவுசரில் குக்கியைத் தடுத்துவிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் புது ஐடி ஒட்டிக்கொண்டு வரும்.

ஜாவா இல்லாமல் வேறு வழியில் தளம் செய்தாலும் இது உண்டு. பிஎச்பியில் இது கேள்விக்குறிக்குப் பின்னால், பிஎச்பிசெஸ்ஐடி என்ற பெயரில் வரும். ஏஎஸ்பி டாட் நெட்டில் முகவரியின் நடுவே அடைப்புக்குறிக்குள் வரும்.

இதில் நான் மிகவும் கவலைப்படுகிற இடம் ஒன்று உண்டு. ஏற்காட்டுக்காரர் குக்கியைத் தடுக்கவே இல்லை. முதல் பக்கத்தில் இருந்த லிங்க்கைத் தட்டியதால் மட்டுமே முகவரிப் பட்டையில் ஐடி நிற்கிறது. "அக்கா, இந்தக் கொலுசு எப்படி இருக்கு?" என்று அம்மாப்பேட்டையில் இருக்கும் அக்காவுக்கு அந்த முகவரியை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். செஷன் காலாவதியாகும் முன் அக்கா அதைத் திறந்தால், சர்வருக்கு இருவரும் ஒரே ஆள்தான். தங்கை லாகின் செய்திருந்தால் அவருடைய முகவரியும் ஆர்டரும் அக்காவுக்குத் திறந்து கிடக்கும். அக்கா பார்த்தால் பரவாயில்லை. அதே லிங்க் ஊர்க் குரூப்புக்குப் போனால்? பிரவுசர் ஹிஸ்டரியிலும் சர்வர் லாகிலும்கூட அந்த ஐடி பதிந்துகிடக்கும்.

ஆகவே கடைசிப் படியைத் தவறவிடாதீர்கள். தளத்தின் அமைப்புகளை எழுதும் வெப் டாட் எக்ஸ்எம்எல் ஃபைலில் செஷன்-கான்ஃபிக் பகுதிக்குள் டிராக்கிங்-மோட் என்ற டேக் போட்டு, அதன் மதிப்பாகக் கேப்பிடல் எழுத்தில் குக்கி என்று கொடுங்கள். ஜாவா இணையதளங்களுக்கான விதிமுறையில், 2009-இல் வந்த சர்வ்லெட் 3.0 முதல் இந்த வசதி இருக்கிறது. பிஎச்பியில் யூஸ் ஒன்லி குக்கீஸ் அமைப்பு 1 ஆகவே இருக்கட்டும். லாகின் முடிந்ததும் சேஞ்ச்செஷன்ஐடி மெத்தடைக் கூப்பிட்டு ஐடியை மாற்றிவிடுங்கள். அதற்குமுன் யார் கைக்காவது பழைய ஐடி போயிருந்தாலும் பயன்படாது.

டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்து, புது இன்காக்னிட்டோ விண்டோவில் மறுபடி சோர்ஸைப் பாருங்கள். லிங்க் சுத்தமாக இருக்க வேண்டும். குக்கியைத் தடுத்தவர்களுக்கு இனி கூடை தங்காது. அவர்களுக்காக "குக்கியை அனுமதித்தால்தான் வாங்க முடியும்" என்று ஒரு வரி கூடைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.