எர்த் ஓட்டையில் பேனா: கரண்ட் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். "இந்த லேப்டாப்புல கை வெச்சாலே சுர்ருங்குதுடா. கடையில காட்டினா மதர்போர்டு போயிருக்கும்னு சொல்றாங்க. எட்டாயிரம் ஆகுமாம்" என்றார். நான் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. சார்ஜர் வயரைப் பிடித்துக்கொண்டே போய் பிளக்கைப் பார்த்தேன். மூன்று பின்னில் தடித்த பின்னைக் காணோம். கேட்டால், "எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ரெண்டு ஓட்டைதானே இருக்கு, நுழையலைன்னு மாமா கட்டிங் பிளேயர் வெச்சுப் பிடுங்கிட்டார்" என்று சாதாரணமாகச் சொன்னார்.

அந்தப் பின்தான் எர்த். லேப்டாப் சார்ஜருக்குள் 230 வோல்ட் பக்கத்துக்கும் லேப்டாப்புக்குப் போகிற 19 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே சின்னக் கெபாசிட்டர் ஒன்று இருக்கும். மின் இரைச்சலை அடக்குவது அதன் வேலை. அது துளியளவு கரண்டைக் கசியவிடும். எர்த் இருந்தால் கசிவு அந்த வழியே மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் லேப்டாப்பின் உலோக உடம்பில் காத்திருந்து, நாம் தொட்டதும் நம் வழியாக இறங்கும். செருப்புப் போட்டிருந்தால் சுர்ரென்பது குறைவதற்கும், வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்றால் கூடுவதற்கும் அதுதான் காரணம். மல்டிமீட்டர் நூறு வோல்ட் பக்கத்தில் காட்டிப் பயமுறுத்தும். ஆனால் நல்ல சார்ஜராக இருந்தால் பாய்வது ஒரு மில்லிஆம்பியரில் சிறு பகுதிதான். மதர்போர்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதே சுர் கிரைண்டரிலோ வாஷிங் மெஷினிலோ ஃபிரிட்ஜிலோ வந்தால் கதையே வேறு. அங்கே மோட்டார் காயில் உடம்பில் படுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. "லேசாத்தான் அடிக்குது, மரப்பலகை மேல நின்னு ஆட்டிக்கிறேன்" என்று சமாளிக்கக் கூடாது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

அத்தை வீட்டில் சார்ஜரின் பவர் கார்டை மட்டும் மாற்றிப் பார்த்தோம். சுர் நிற்கவில்லை. சுவரில் இருக்கும் சுவிட்ச் போர்டைக் கழற்றினால், எர்த்துக்கு வர வேண்டிய பச்சை வயர் எதிலும் மாட்டப்படாமல் மடித்து உள்ளே தள்ளப்பட்டிருந்தது. வீடு கட்டிய நாளிலிருந்து அப்படியே இருந்திருக்கிறது! அதை மாட்டியதும் லேப்டாப் சாதுவாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் மூன்று ஓட்டை சாக்கெட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். எலக்ட்ரீஷியன் வேறு வேலையாக வரும்போது மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் வரும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய 230 வோல்ட் காட்ட வேண்டும், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. உப்பும் கரியும் போட்ட பழைய எர்த் குழி என்றால் கோடையில் மண் காய்ந்து எர்த் மோசமாகும். அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது நம் பெரியவர்களுக்குத் தெரிந்த வைத்தியம்தான்.

அடுத்தது பேனா. இப்போதைய சாக்கெட்டுகளில், குழந்தைகள் எதையாவது சொருகிவிடக் கூடாதென்று கீழ் இரண்டு ஓட்டைகளையும் ஒரு மூடி மறைத்திருக்கும். எர்த் பின் மற்ற இரண்டைவிட நீளம். அது முதலில் உள்ளே போய் மூடியைத் தள்ளும். இரண்டு பின் சார்ஜருக்கு அந்தப் பின் இல்லாததால் மேல் ஓட்டையில் பேனாவையோ டெஸ்டரையோ விட்டுத் திறந்து சொருகுகிறோம். நானும் செய்திருக்கிறேன், யார் செய்யவில்லை? பேனா ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்கப்புறம் நடப்பதுதான் மோசம். இரண்டு பின் பிளக்கின் கால்கள் மெலிந்தவை, சுமார் 4 மில்லிமீட்டர். அந்த ஓட்டையோ 5 மில்லிமீட்டர் காலுக்குச் செய்தது. லொடலொடவென்று ஆடும், 'சர்ர்' என்று பொறி பறக்கும், ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறும். "சார்ஜ் ஏறவே மாட்டேங்குது, போன் பேட்டரி போச்சு" என்று வருகிறவர்களில் சிலருக்குப் பழுது இந்தப் பழுப்பில்தான் இருக்கும். கடையில் ஃபைவ் பின் சாக்கெட் என்று கேளுங்கள். இரண்டு பின்னுக்கும் மூன்று பின்னுக்கும் தனித்தனியாக ஓட்டை இருக்கும்.

ஸ்டெபிலைசர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லேப்டாப் சார்ஜர், போன் சார்ஜர், இன்றைய எல்இடி டிவி ஆகியவற்றின் மேல் பொடி எழுத்தில் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் ஏற்ற இறக்கத்தை அவையே பார்த்துக்கொள்ளும். ஆனால் 240-க்கு மேலே போனால்? தெருவில் நியூட்ரல் வயர் அறுந்தால் அதுதான் நடக்கும். இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே 400 வோல்ட் சொச்சம் இருக்கிறது. நியூட்ரல் இல்லாவிட்டால் வேறு வேறு ஃபேஸில் இருக்கிற இரண்டு வீடுகள் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு சமமாக இருக்காது. ஒரு வீட்டில் லைட் மங்கும், பக்கத்து வீட்டில் பளீரென்று எரிந்து ஃபேன் பேயாய்ச் சுற்றும். அந்த நேரத்தில் "கரண்ட் நல்லா வருதே" என்று உட்கார்ந்திருப்பதுதான் தவறு. யோசிக்காமல் மெயினை இறக்குங்கள்.

இன்வெர்ட்டர் வைத்திருக்கிற வீடுகளில் ஒரு புகார் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது: "இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போனா கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகுது." பெரும்பாலான இன்வெர்ட்டர்களில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதுவும் பின்பக்கம், கண்ணில் படாத இடத்தில். ஒரு பக்கம் யுபிஎஸ், மறுபக்கம் நார்மல் அல்லது இகோ. நார்மலில் இருந்தால் பேட்டரிக்கு மாறுவது மெதுவாக நடக்கும். ஃபேனும் லைட்டும் கண்ணிமைத்துச் சமாளித்துவிடும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளையால் மின்சாரம் இல்லாமல் 16, 17 மில்லிசெகண்டுதான் தாங்க முடியும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் தீர்ந்தது. ஆனால் உங்கள் ஏரியாவில் அடிக்கடி லோ வோல்டேஜ் என்றால், இந்த மோடில் இன்வெர்ட்டர் 180 வோல்ட் பக்கம் இறங்கியதுமே பேட்டரிக்குத் தாவிவிடும். ராத்திரி நிஜமாகவே கரண்ட் போகும்போது பேட்டரி காலியாக இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் நார்மலிலேயே விட்டு, கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி யுபிஎஸ் வாங்குவதே மேல்.

தனி யுபிஎஸ் வாங்குகிறவர்கள் பெட்டியில் 600 என்று பார்த்துவிட்டு 600 வாட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது விஏ, அதாவது வோல்ட் ஆம்பியர். வாட்டில் பார்த்தால் பெரும்பாலும் 360தான். அதில் லேசர் பிரிண்டரையும் மாட்டினால், தாளில் மையைச் சுட்டு ஒட்ட வைக்கும் ஹீட்டர் சூடாகும் நொடியில் ஆயிரம் வாட் அளவுக்கு இழுக்கும். யுபிஎஸ் 'கீ' என்று கத்தும், கம்ப்யூட்டரும் சேர்ந்து அணையும். பிரிண்டரை நேரே சுவரில் மாட்டுங்கள். இரண்டு மூன்று வருஷமானதும் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை என்று யுபிஎஸ்ஸையே தூக்கிப்போட வேண்டாம். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி, அதை மட்டும் மாற்றினால் போதும். பழையதைக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், உள்ளே ஈயம்.

நெட் விஷயம். ரவுட்டர் தானாக அணைந்து அணைந்து எரிகிறது. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் "ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்கிறார்கள், அது ஏற்கெனவே அதைத்தானே செய்துகொண்டிருக்கிறது. அடாப்டரைப் பாருங்கள். வீடு மாறும்போதோ பெயின்ட் அடிக்கும்போதோ செட்டாப் பாக்ஸ் அடாப்டரும் இதுவும் இடம் மாறியிருக்கும். குத்துகிற முனை ஒரே மாதிரி இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. வோல்ட் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். 12 வோல்ட் 2 ஆம்பியர் கேட்கிற ரவுட்டருக்கு அரை ஆம்பியர் அடாப்டரைக் கொடுத்தால், நாலு பேர் வீடியோ பார்க்கும்போது மூச்சு வாங்கிப் படுத்துவிடும். ஐந்து ரூபாய் ஸ்டிக்கரில் 'ரவுட்டர்' என்று எழுதி அடாப்டர் மேல் ஒட்டி வையுங்கள்.

ஐப்பசி வந்தால் இடி. "சுவிட்சை ஆஃப் பண்ணிட்டேனே, அப்புறம் எப்படி டிவி போச்சு?" சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். அத்தனை வானத்தைத் தாண்டி வந்த மின்னலுக்கு அது ஒரு தடையே இல்லை. ஆஃப் பண்ணினால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். கேபிள் டிவி வயரையும், மொட்டை மாடி கேமராவிலிருந்து ரெக்கார்டருக்கு வரும் வயரையும் சேர்த்துத்தான். கேமரா வழியாக இறங்கி ரெக்கார்டரைத் தாண்டி டிவியின் எச்டிஎம்ஐ வரை போய்ச் சுட்டதுண்டு. இடி தலைக்கு மேல் வந்த பிறகு வயரைத் தொடாதீர்கள், வானம் கறுக்கும்போதே செய்துவிட வேண்டும். டிவி பிளக் ஷோகேஸுக்குப் பின்னால் கை போகாத இடத்தில் இருந்தால், புரட்டாசியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே இழுத்து வையுங்கள். இடி வருகிற அன்றைக்கு ஷோகேஸை நகர்த்த ஆள் தேட நேரமிருக்காது.