காலையில் சமைக்காமல் மதியச் சாப்பாடு கட்டுவது எப்படி?

வேலூர்ப் பக்கம் காலை ஏழு மணிக்குள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியவர்கள் ஏராளம். ராணிப்பேட்டை சிப்காட்டுக்கும் ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கும் கம்பெனி பஸ் பிடிப்பவர்கள், காட்பாடியில் சென்னை ரயில் ஏறுபவர்கள், ஆஸ்பத்திரியில் காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் என்று பட்டியல் நீளும். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் இருந்துவிட்டால், விடிவதற்குள் மூன்று நான்கு டிபன் பாக்ஸ்கள் நிரம்பியாக வேண்டும். சமைத்துச் சமைத்து அலுத்துவிட்டது என்று சொல்லும் பெற்றோரிடம் சற்று விசாரித்தால், அடுப்படியில் நிற்பதைக் காட்டிலும் ஆறு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு 'இன்றைக்கு என்ன செய்வது' என்று யோசிப்பதே அவர்களை அதிகம் சோர்வடையச் செய்கிறது என்பது தெரியும். ஆகவே இங்கே சொல்லப்போகும் முறை முழுவதும் ஒரே ஏற்பாட்டைச் சார்ந்தது: ஊறவைப்பது, அரைப்பது, நறுக்குவது, வதக்குவது ஆகிய வேலைகளை ஞாயிற்றுக்கிழமைக்கும் முந்தைய இரவுக்கும் ஒதுக்கிவிட்டு, காலையில் சோறு வடிப்பதையும் தாளிப்பதையும் கலப்பதையும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதைக் கட்டலாம் என்று முடிவு செய்யும்போது ருசிக்கு முன்னால் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. காலை ஏழு மணிக்குக் கட்டிய டப்பா மதியம் ஒரு மணிக்குத்தான் திறக்கப்படுகிறது. சமைத்த உணவை 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, கோடையில் ஒரு மணி நேரமே அதிகம் என்பது உணவுப் பாதுகாப்பில் பொதுவாகச் சொல்லப்படும் விதி. நம் கட்டுச்சோறு இந்த விதியை நாள்தோறும் மீறிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால்தான் பயணத்துக்குப் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் கட்டும் வழக்கத்தில் நியாயம் இருக்கிறது. புளிப்பு கிருமிகளின் பெருக்கத்தை மட்டுப்படுத்துகிறது. தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, தேங்காய்ச் சட்னி, வெந்த உருளைக்கிழங்கை நீர் விட்டுக் குழைத்த மசால் ஆகியவற்றைப் பங்குனி முதல் ஆடி வரை டப்பாவில் வைக்காமலிருப்பது நல்லது. வேலையிடத்தில் ஃபிரிட்ஜ் இருந்தால் போனவுடன் டப்பாவை அதில் வைத்துவிடலாம். அப்போது இந்தக் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை தளர்ந்துவிடும்.

சோற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெளியே கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன, அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இரவு மிஞ்சிய சோற்றை மறுநாள் கலந்த சாதமாக்குவது தவறில்லை. ஆனால் சாப்பிட்டு முடித்த கையோடு அதைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் ஆவி பறக்கச் சூடாக்கிய பிறகே கலக்க வேண்டும். அடுப்பு மேடையில் ராத்திரி முழுவதும் கிடந்த சோற்றை டப்பாவுக்குப் பயன்படுத்தக் கூடாது. புதிதாகச் சமைப்பதாயிருந்தாலும் பெரிய வேலையில்லை. ஆரணி அரிசியை முந்தைய இரவே அளந்து குக்கருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், காலையில் களைந்து, ஒன்றுக்கு இரண்டேகால் பங்கு தண்ணீர் ஊற்றி ஏற்றிவிட்டுக் குளிக்கப் போய்விடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி ஒரு பொடி, ஒரு தொக்கு, ஒரு பயறு ஆகிய மூன்றையும் தயார் செய்துவிட்டால் வாரம் பிழைத்துவிடும். பொடிகளில் நம் பகுதிக்கு மிகவும் ஏற்றது வேர்க்கடலைப் பொடி, ஏனென்றால் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் அந்தக் கடலை இங்கே மலிவாகவும் புதிதாகவும் கிடைக்கிறது. கால் கிலோ வேர்க்கடலைப் பருப்பைக் கொட்டி, சுருங்கியதையும் கறுத்ததையும் பூசணம் பட்டதையும் தயங்காமல் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அவற்றில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு இருக்கலாம். மிச்சத்தை வெறும் வாணலியில் சிறு தீயில், தோல் வெடித்து உள்ளே இளஞ்சிவப்பு தெரியும்வரை கைவிடாமல் வறுக்க வேண்டும். ஆறியதும் இரு உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்து, முறத்தில் புடைத்துத் தோலை நீக்கலாம். தோல் சிறிது தங்கினாலும் குற்றமில்லை. அதே வாணலியின் சூட்டில் பத்துக் காய்ந்த மிளகாய், ஒரு தேக்கரண்டிச் சீரகம், தோலோடு ஏழெட்டுப் பூண்டுப் பற்கள், சுண்டைக்காய் அளவு புளி ஆகியவற்றைப் புரட்டி எடுத்து, உப்புச் சேர்த்து மிக்ஸியில் முதலில் அரைத்துவிட வேண்டும். கடலையைக் கடைசியில் போட்டு, விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்றுகள் மட்டும் ஓட்டினால் போதும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து பொடி களியாகிவிடும். ஈரமில்லாத பாட்டிலில் இரண்டு வாரம் கெடாமல் இருக்கும். ஃபிரிட்ஜில் இன்னும் சில வாரம் தாங்கும். சூடான சோற்றில் இரண்டு கரண்டிப் பொடியும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்தால் ஒரு நாள் டப்பா முடிந்தது.

தொக்கில் விவரிக்க அதிகம் இல்லை. தக்காளியோ வெங்காயமோ புளிக்காய்ச்சலோ எதுவானாலும், நீர் முழுவதும் சுண்டி எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை பொறுமையாக வதக்க வேண்டும் என்பதே அதன் ஒரே இரகசியம். நீர் தங்கிய தொக்கு மூன்றாம் நாளே பூத்துவிடும்.

பயறுதான் டப்பாவின் சத்து. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளின் மொத்தக் கலோரியில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. நம் டப்பாக்களோ பெரும்பாலும் முக்கால் பங்கு சோறும் மூலையில் ஒரு பிடி பொரியலுமாக இருக்கின்றன. மூன்று மணிக்கு மேசையில் தலை சாய்வதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. பாதி டப்பா சோறு, கால் பங்கு காய், கால் பங்கு பயறு என்ற அளவைக் கண்ணால் பார்த்தே நிரப்பப் பழகிவிட்டால் கலோரிக் கணக்கு எதுவும் தேவையில்லை. 100 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் இருக்கிறது, கொள்ளில் அதைவிடச் சற்று அதிகம். அரை கிலோ கடலையைச் சனி இரவே ஊறப் போட்டு, ஞாயிறன்று உப்புச் சேர்த்து ஐந்து விசிலுக்கு வேகவைத்து, நீரை நன்றாக வடித்து ஆறவிட்டு, ஒரு நாளுக்கு ஒரு டப்பா வீதம் பிரித்து ஃப்ரீசரில் போட்டுவிடலாம். வடித்த நீரைக் கொட்டிவிடாமல் அன்றைய இரவு ரசத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. வேண்டிய பங்கை முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டால், காலையில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துப் புரட்டி எடுப்பதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். தேங்காய்ப் பூவுக்குப் பதிலாகத் துருவிய கேரட்டும் சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்க்கலாம். அந்தச் சாற்றிலுள்ள வைட்டமின் சி, பயறிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த நன்மை பெருமளவு வீணாகும் என்பதையும் அலுவலகக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இனி இரவுச் சமையல். மதியத்துக்கென்று தனியாக எதையும் சமைக்காமல், இரவு தோசைக்கோ சப்பாத்திக்கோ செய்வதையே மறுநாள் சோற்றுக்கும் பொருந்துவதாகத் தேர்ந்தெடுத்தால் வேலை பாதியாகக் குறையும். இதற்கு வட ஆர்க்காட்டு வீடுகளின் கடைசலைப் போல் வசதியானது வேறில்லை. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைத்தால் விட்டுவிட வேண்டாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் காய்க்குக் காம்பிலும் தொப்பியிலும் முள் இருக்கும், ஆனால் சதை வெண்ணெயாகக் குழையும். முள்ளைக் கத்தியால் சீவிவிட்டு, அரை கிலோ காயை நான்காக வகிர்ந்து, இரண்டு தக்காளி, பத்துச் சின்ன வெங்காயம், நான்கு பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, மஞ்சள்தூள் ஆகியவற்றோடு ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் இரண்டு விசில் வைக்க வேண்டும். பிறகு உப்பும் ஒரு துண்டு புளியும் போட்டு, மத்தால் அங்கங்கே காய் தட்டுப்படும்படி கடைந்து, சீரகமும் பூண்டும் தாளித்தால் முடிந்தது. மிக்ஸியில் போட்டால் ருசி போய்விடும். மறுநாளுக்கு உரிய பங்கைப் பரிமாறும் முன்பே தனிப் பாத்திரத்தில் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் குமிழியிட்டுக் கொதிக்கவிட்டுச் சூட்டோடு சின்ன ஃபிளாஸ்க் டப்பாவில் ஊற்ற வேண்டும். ஃபிளாஸ்க்கில் முதலில் கொதிக்கும் தண்ணீரை ஐந்து நிமிடம் ஊற்றி வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு விளிம்பு வரை நிரப்பினால்தான் சூடு மதியம் வரை நிற்கும்; பாதி நிரப்பிய ஃபிளாஸ்க் விரைவில் ஆறிவிடும். கொள்ளுக் கடைசலுக்கும் இதே முறைதான்.

கோடைக்குத் தயிர்ச்சோறு உகந்தது. ஆனால் காலையிலேயே தயிரை நிறைய ஊற்றிப் பிசைந்தால் மதியம் புளித்து நாறும். சோற்றைச் சூடாக இருக்கும்போதே குழைய மசித்து, காய்ச்சிய பாலை நிறைய விட்டு, வெதுவெதுப்பாக ஆறியபின் ஒரே ஒரு கரண்டித் தயிரைக் கலந்து கட்டினால், ஒரு மணிக்கு அது பதமாக உறைந்திருக்கும். அரிசிக்குப் பதில் ஜவ்வாது மலைச் சாமையையும் இப்படிச் செய்யலாம். சாமை ஆறினால் இறுகும் என்பதால் பாலைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். சோறே வேண்டாம் என்ற நாளில் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை தட்டலாம். மாவில் வெந்நீர் தெளித்துப் பிசைந்து மெல்லியதாகத் தட்டி, ஆவி அடங்கியதும் பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் வறண்டு போகாது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருப்பது பிள்ளைகள் டப்பாவுக்கு நல்ல காரணம். கீரையை முந்தைய மாலையே, பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் உருவி, கழுவாமல் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். கீரை ஆய்வதைக் காலையில் தொடங்கினால் பஸ் போய்விடும்.

காய்களை நேதாஜி மார்க்கெட்டில் வாரத்துக்கு ஒருமுறை வாங்குவோர், சீக்கிரம் வாடும் வெண்டைக்காயையும் கீரையையும் வாரத் தொடக்கத்திலும், பீன்ஸ், கேரட், பீட்ரூட், கோஸ் ஆகியவற்றைப் பின்பாதியிலும் சமைக்கும்படி வரிசை வைக்கலாம். திங்கள் எலுமிச்சைச் சோறும் சுண்டலும், செவ்வாய் கடைசல், புதன் பொடிச்சோறும் வெண்டைக்காய் வறுவலும், வியாழன் தயிர்ச்சோறு என்று கிழமைக்கு ஒன்றை ஒட்டிவிட்டால் ஆறு மணி யோசனை தானாக ஒழியும். 'திங்கட்கிழமையானா லெமன் சாதமா?' என்று பிள்ளைகள் முணுமுணுக்கத்தான் செய்வார்கள். சுண்டலில் பயறை மாற்றினாலே போதும், கிழமையை மாற்ற வேண்டாம். வெள்ளிக்கிழமை வெளியில் வாங்கிச் சாப்பிடுவதையும் திட்டத்திலேயே சேர்த்துவிடலாம். கேன்டீன் சாப்பாட்டில் இரண்டாம் சோற்றைத் தவிர்த்துப் பொரியலை இன்னொரு முறை கேட்டு வாங்கலாம். ஆம்பூர் பிரியாணியாக இருந்தால், கூட வரும் கத்திரிக்காயையும் வெங்காயப் பச்சடியையும் ஒதுக்காமல் சாப்பிட வேண்டும், அந்த இலையில் காய் என்று இருப்பது அவை மட்டுந்தான்.

இவ்வளவும் ஒரே ஆள் தலையில் விழுந்தால் எந்த முறையும் இரண்டு மாதம் தாங்காது. வேர்க்கடலைத் தோல் புடைப்பது, பூண்டு உரிப்பது, கறிவேப்பிலை உருவுவது, பழத்தைக் கழுவித் துடைத்து வைப்பது ஆகியவற்றைப் பத்து வயதுப் பிள்ளை செய்யலாம். ஞாயிறு பயறு வேகவைப்பதை அப்பா ஏற்றுக்கொள்ளலாம். பழத்தை நறுக்காமல் வாழைப்பழமாகவோ கொய்யாவாகவோ முழுதாகக் கொடுத்துவிட்டால் ஒரு டப்பாவும் மிச்சமாகும். முட்டை வைப்பதானால் ஓட்டோடு வைத்து, சாப்பிடும்போது உரித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

டப்பா எவர்சில்வராகவே இருக்கட்டும். சோறு ஆவி விடும்போதே மூடியை இறுக்கினால் உள்ளே நீர் கோத்துச் சாதம் ஊசிப்போகும் என்பதால், ஃபிளாஸ்க்கில் வைப்பதைத் தவிர மற்றதைத் தட்டில் பரப்பி ஆறவிட்டுத்தான் கட்ட வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்தை வாரம் ஒருமுறை கழற்றி, பள்ளத்தில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து வெயிலில் காயவைக்க வேண்டும். எவ்வளவு கழுவியும் போகாத டப்பா வாடை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. மாலையில் மிஞ்சி வரும் சோற்றை இரவுக்கு எடுத்து வைக்காமல் கொட்டிவிட வேண்டும். ஒரே பதார்த்தம் இரண்டு வாரம் தொடர்ந்து மிஞ்சி வந்தால், அந்தக் கிழமைக்கு வேறொன்றை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடலாம்.