தேக்குத்தூளை மூச்சில் ஏறாமல் தடுத்த விதம்

ரங்கூனில் நான் மேற்பார்வை செய்யும் மரப்பட்டறையில், மழைக்காலத்தில் சன்னல்களை அடைத்ததும் உப்புத்தாள் பிடிப்பவர்களுக்கு மூக்கடைப்பும் வறட்டு இருமலும் தொடங்கின. விடுமுறை நாளில் அவை தணிந்து வேலை நாளில் திரும்பியதால், காரணம் பட்டறைக்குள்தான் என்று தெளிந்தேன். தேக்குத்தூள் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. மரத்தூளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையே 1995இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்து வெளியிட்டிருக்கிறது.

முகக்கவசம் வாங்கித் தந்தால் போதும் என்றார் முதலாளி. தூள் பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடிப்பதுதான் முதல் வேலை என்று நான் வற்புறுத்தினேன். எங்களிடம் உறிஞ்சு விசிறி முன்பே இருந்தது. ஆனால் அதன் குழாய் வாய் மேசையிலிருந்து மிகவும் தள்ளி இருந்தது. குழாயின் விட்டமளவு தூரம் விலகினாலே உறிஞ்சும் வேகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பதால், பெரிய விசிறி வாங்குவதைவிடக் குழாயை நீட்டி, விளிம்பு வைத்த தகரப் புனலொன்றை உப்புத்தாள் ஓடும் இடத்தை ஒட்டிப் பொருத்துவதே பயன் தந்தது.

கம்ப்ரெசர் காற்றால் உடையைத் தட்டுவதையும் உலர்ந்த துடைப்பத்தையும் நிறுத்தி, மிக நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள வாக்குவம் கிளீனரைக் கொண்டுவந்தோம். மின்சாரம் நிற்கும் வேளைகளில், இங்கே மின்வெட்டுக்குக் குறைவில்லை, கையால் தேய்ப்பவர்கள் என்95 கவசம் அணிகிறார்கள். தாடி இருந்தால் கவசம் முகத்தில் ஒட்டாமல் காற்றுக் கசியும் என்பதால் மழித்துக்கொள்ளச் சொன்னேன். பெரியவர் ஒருவர் மட்டும் மறுத்ததால், அவரை மெருகுப் பிரிவிலிருந்து பொருத்தும் பிரிவுக்கு மாற்றினோம்.